இரண்டு அணிகள், ஒரு பிள்ளை: சூப்பர்ஹீரோ கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லூரில் ஒரு விசைத்தறித் தெரு. அங்கே 16 வயதுப் பெண் ஒருத்தி. மனம் கலங்கினால் போதும், அவளைச் சுற்றி மின்சாரம் நின்றுவிடும். முதலில் வீட்டு விளக்கு அணையும், அப்புறம் தெருவில் உள்ள தறிகள் எல்லாம் ஓய்ந்துவிடும். அவளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள இரண்டு சூப்பர்ஹீரோ அணிகள் மதுரைக்கு வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் படிப்பது என் வழக்கம். இப்படிப்பட்ட கதை அடிக்கடி வரும். தொடக்கம் அருமையாக இருக்கும். பத்துப் பக்கம் போனதும் அந்தப் பெண் ஒரு பரிசுக் கோப்பையாக மாறிவிடுவாள். இரண்டு அணிகளும் வைகை மணலில் மோதும், ஜெயித்தவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட இருக்காது. நான் பார்த்த மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் வானத்திலிருந்து இறங்குகிறார். "உனக்குள் மாபெரும் சக்தி இருக்கிறது, எங்களோடு வா" என்கிறார். கலங்கிப்போன ஒரு பிள்ளையிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? இதை எப்படி எழுதுவது என்பதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. எரித்தவள் கணவனை இழந்த துயரத்தோடு தெருத்தெருவாக நடக்கிறாள். ஊரின் தெய்வமான மதுராபதி அவளைத் தேடி வருகிறாள், ஆனால் எதிரே போய் நிற்கவில்லை. பின்னால்தான் வருகிறாள். "என் குறையைக் கேட்பாயா" என்று தொடங்குகிறாள். கண்ணகி திரும்பிப் பார்த்து, என் பின்னால் வரும் நீ யார், என் துன்பம் உனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். தெரியும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் தெய்வம் தன் பெயரையே சொல்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். உங்கள் அணித் தலைவருக்கு அந்தப் பெண்ணின் வீட்டில் போன மாதம் என்ன நடந்தது என்று தெரியுமா? தெரியாது என்றால் அந்தக் காட்சியை இன்னும் எழுதாதீர்கள்.

அடுத்தது, எதிர் அணியை வந்த உடனே கெட்டவர்களாகக் காட்டிவிடுவது. கறுப்பு உடை, முரட்டுச் சிரிப்பு. அப்புறம் போட்டிக்கு என்ன வேலை? எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ அணியின் கதைகளைச் சொல்லும் அமெரிக்க காமிக்ஸில், 1980 ஜனவரி தேதியிட்ட 129ஆம் இதழில், அமெரிக்காவின் டீர்ஃபீல்ட் என்ற ஊரில் கிட்டி பிரைட் என்ற 13 வயதுச் சிறுமி தாங்க முடியாத தலைவலியோடு இருக்கிறாள். சக்தி வெளிப்படப் போகிறது, அது அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டுக்கு முதலில் வருவது எதிர் அணியின் எம்மா ஃப்ராஸ்ட். சண்டைக்கு வரவில்லை. நல்ல பள்ளிக்கூடத்தின் தலைவியாக வந்து, அப்பா அம்மாவிடம் மரியாதையாகப் பேசுகிறாள். எக்ஸ்-மென் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். அவர்களுடைய தலைவரான பேராசிரியர் பெற்றோரிடம் பேசும் நேரத்தில், அணியில் உள்ள ஸ்டார்ம் என்ற பெண் அந்தச் சிறுமியோடு கடைக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறாள். கிட்டியின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிடுகிறது.

நம் கதையிலும் எதிர் அணி அப்படித்தான் வர வேண்டும். "ஹாஸ்டல், படிப்பு, சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், வீட்டுக் கடனையும் அடைச்சிடுறோம்" என்று சொல்லட்டும். அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடமாவது மனம் ஆட வேண்டும். படிப்பவருக்கும் ஆட வேண்டும்.

அம்மா என்றதும் இன்னொன்று. இந்தக் கதைகளில் வீடு காணாமல் போய்விடுகிறது. முன்பின் தெரியாத ஆட்கள் வந்து 16 வயதுப் பெண்ணைக் கூப்பிட்டால் மதுரையில் யாரும் கேட்க மாட்டார்களா? தாய்மாமன் வருவார், "நீங்க யாரு, எந்த ஊரு, பொம்பளப் புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்பார். பறக்கத் தெரிந்தவரும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தயவுசெய்து மாமனை வெட்டிவிடாதீர்கள்.

சக்தியின் விதியை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக வந்த இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. குழந்தைக்கும் புரிகிற விதி.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. பிள்ளையின் துயரத்தை ஒரே கட்டத்தில் முடித்துவிடுகிறார்கள். "அப்பா இல்லை" என்று ஒரு வசனம், சுவரில் மாலை போட்ட படம், அவ்வளவுதான். துயரம் நாள் முழுவதும் கூடவே இருப்பது. செல்லூர்ப் பெண்ணையே பாருங்கள். அவள் அழுதால் தெருவில் தறி நிற்கிறது. தறி ஓடாத நேரத்துக்கு நெசவாளிக்குக் கூலி கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா திட்டவில்லை, நின்ற தறியைப் பார்த்துவிட்டு இவளையும் ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அழக்கூடப் பயப்படுகிறாள். அப்பா இறந்து ஒரு வருடமாகியும் அழவில்லை. இப்போது அவளுக்குத் தேவை என்ன? சீருடையா? பயப்படாமல் அழ ஓர் இடம். எந்த அணி இதைப் புரிந்துகொள்கிறது என்பதுதான் உண்மையான போட்டி. புரிந்துகொண்ட அணி சண்டையில் பலவீனமாக இருந்தால் கதை இன்னும் நன்றாக வரும்.

மதுரையைத் தபால் அட்டை ஆக்காதீர்கள். கோபுரத்தின் மேல் சண்டை, ஜிகர்தண்டாக் கடை உடைவது இதெல்லாம் நிறையப் பார்த்தாகிவிட்டது. கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. அங்கே மின்கம்பிகளிலிருந்து விலகி, பாறை மேல் அவள் உட்காரலாம். எதுவும் அணையாது.

கடைசியாக, அவள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். இரண்டும் வேண்டாம் என்று அவள் சொல்லவும் வழி இருக்கட்டும். ஒருவேளை ஓர் அணியோடு போனால், தோற்ற அணியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். அவர்கள் மறுநாள் ஊருக்குத் திரும்ப மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். வழியில் அந்தத் தறித் தெரு வருகிறது. அவள் வாசலில் நிற்கிறாள். அவர்கள் நின்று பேசுவார்களா, பார்க்காதது போல் போய்விடுவார்களா?