கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேர: பல நாட்டுக் குழுக்களோடு வேலை செய்பவர்களுக்கு

சிங்கப்பூரில் வட்டார அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னை, ஜகார்த்தா, தோக்கியோ, ஃபிராங்க்ஃபர்ட் என்று நாலு ஊர் வேலையை ஒருங்கிணைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாங்கி பிசினஸ் பார்க்கிலும் தஞ்சோங் பகாரிலும் இந்த வேலையில் நம் ஆட்கள் நிறையவே இருக்கிறோம். பயிற்சி வகுப்புக்குப் போனால் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுங்கள், இடது கையால் எதையும் நீட்டாதீர்கள் என்று சொல்லித் தருவார்கள். தெரிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் வேலை கெடுவது அதனால் இல்லை. வெள்ளிக்கிழமை வரை "எல்லாம் சரியாகப் போகிறது" என்று வந்துகொண்டிருந்த தகவல் திங்கட்கிழமை காலையில் "சரக்கு இன்னும் கிளம்பவில்லை" என்று மாறுகிறதே, அங்கேதான் கெடுகிறது. அதனால் எந்த நாட்டோடு வேலை தொடங்கினாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இங்கே ஒரு கெட்ட செய்தி யார் வழியாக, எவ்வளவு சீக்கிரம் என் காதுக்கு வரும்?

முதல் காரியம், "முடியுமா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மேலாளரும் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவரிடம் "வியாழனுக்குள் முடியுமா?" என்று கேட்டால், சென்னையிலும் ஜகார்த்தாவிலும் மணிலாவிலும் பெரும்பாலும் "முடியும்" என்றுதான் பதில் வரும். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர் முன்னால் முடியாது என்று சொல்லக் கூடாது என்றுதானே நம் வீட்டிலும் வளர்த்தார்கள். கேள்வியை மாற்றினால் போதும். இதில் முதலில் எதைத் தொடங்குவீர்கள், அதற்கு யாரிடமிருந்து என்ன வர வேண்டும், அது எப்போது வரும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குள் விஷயம் வெளியே வந்துவிடும். சுங்கப் பத்திரம் இன்னும் ஏஜெண்டிடமே கிடக்கிறது என்று அவரே சொல்வார், ஏனென்றால் இப்போது அவர் யாருக்கும் மறுப்பு சொல்லவில்லை, ஒரு தகவலைத்தான் சொல்கிறார். வாராந்திர அறிக்கையிலும் "இந்த வாரம் எது தாமதமாகலாம்" என்று ஒரு கட்டம் வையுங்கள், அதை யாரும் காலியாக விடக் கூடாது என்று எல்லா ஊருக்கும் ஒரே விதி போடுங்கள். எல்லாரும் எழுதும்போது தனியாக யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அப்புறம், செய்தி வந்தவுடன் நீங்கள் எழுதும் முதல் வரி. "இப்போதே சொன்னதற்கு நன்றி, அடுத்து என்ன செய்யலாம்?" என்று தொடங்குங்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அந்த மனிதர் வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பதிலில் அவருடைய மேலாளரை சிசியில் சேர்ப்பதும் அதே மாதிரிதான். நமக்கு அது சும்மா ஒரு நகல், அவருக்கு அது புகார்.

ஜப்பானில் கதை வேறு. அங்கே கூட்டம் என்பது ஏற்கெனவே முடிவானதை உறுதி செய்யும் இடம். ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசித் தீர்த்திருப்பார்கள், நெமவாஷி என்பது அதுதான். ஆகவே புதிய யோசனையைக் கூட்டத்தில் முதல்முறையாகப் போட்டு உடைக்காதீர்கள், சில நாள் முன்னதாகவே அனுப்பி, சம்பந்தப்பட்டவர்களோடு பத்து நிமிடம் தனியாகப் பேசிவிடுங்கள். ஜெர்மனியில் நேர் எதிர். "இந்தத் திட்டம் சரிவராது, இவைதான் காரணங்கள்" என்று எழுதிவிட்டு, மதியம் உங்களோடு சாதாரணமாகப் பேசுவார்கள். அதில் கோபம் எதுவும் இல்லை. நீங்கள் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாமே" என்று மென்மையாகச் சொன்னால் அது அவர்கள் காதில் ஆட்சேபமாகவே விழாது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் காரணத்தோடு அப்படியே எழுதுங்கள்.

ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் மதிப்பெண் போட்ட அட்டவணைகளை மட்டும் மந்திரம் மாதிரி நம்ப வேண்டாம். அவற்றில் மிகவும் பேசப்படுவது டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெட் செய்த ஆய்வு. அதன் அடிப்படை, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு. அது சொல்வது நாட்டின் சராசரியை, உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி அல்ல.

இனி நமக்கே உரிய ஒரு விஷயம். சென்னைக் குழு, கூட்டத்தில் சொல்லாததை உங்களுக்குப் போன் போட்டுத் தமிழில் சொல்லும். அது பெரிய பலம், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பேசி முடித்த கையோடு, அவர் சம்மதத்தோடு, விஷயத்தை ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து மேசையில் இருக்கும் சீனரும் மலாய்க்காரரும், இவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. மற்றவர்கள் இருக்கும் கூட்டத்தில் தமிழில் ஒரு வார்த்தை கூட வேண்டாம்.

சின்ன விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து 10,00,000 என்று வருவது இங்கே 1,000,000. ஜகார்த்தாவும் ஃபிராங்க்ஃபர்ட்டும் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை அல்ல. விலைப்பட்டியலில் இது விளையாட்டில்லை. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். நம் மாலை 4 மணி தோக்கியோவுக்கு 5, சென்னைக்கு 1.30, ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. நாலு ஊருக்கும் ஓரளவு ஒத்துவரும் நேரம் அதுதான், அதிலும் சென்னைக்காரர் சாப்பாட்டை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், எனவே சுருக்கமாக முடியுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜகார்த்தாவில் தொழுகை நேரம், அப்போது கூட்டம் வைக்காதீர்கள். சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு சிற்றரசுகள் 2022 ஜனவரியில் பெரும்பாலும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டன. சீனாவில் நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாகச் சில சனி, ஞாயிறுகளில் வேலை இருக்கும், அந்தப் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் ஏராளம், குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தை அவர்களுக்கு அனுப்பாதீர்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் நிரப்பி, கடைசியில் அப்பா பெயரால் அழைக்கப்படும் நமக்கு அந்தச் சங்கடம் தெரியும்.

இவ்வளவும் செய்தால் ஒரு நாள் ஜகார்த்தாவில் இருக்கும் இளையவர் ஒருவர், தன் மேலாளருக்குத் தெரியாமல், "அந்த சரக்கு வியாழக்கிழமை போகாது" என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்தச் செய்தியை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அவர் பெயரை எங்கேயும் எடுக்காதீர்கள். மேலாளரை நீங்களே அழைத்து, "வியாழக்கிழமை அனுப்ப வேண்டியவற்றில் எதையாவது திங்களுக்குத் தள்ளினால் உங்களுக்கு வசதியாக இருக்குமா? வாடிக்கையாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று பொதுவாகக் கேளுங்கள். அவரே விஷயத்தைச் சொல்லிவிடுவார், சொன்ன பெருமையும் அவருக்கே போகட்டும்.