கொதிக்க வைத்ததுதான் தப்பு: ஹெர்க் சேனலும் என் வெஸ்டர்ன் பிளாட்டும்

இதயத் துடிப்பில் பங்குள்ள ஹெர்க் பொட்டாசியம் சேனலை (செல் சவ்வில் பொட்டாசியம் கடக்கும் வழியாக இருக்கும் புரதம்) வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க மூன்று வாரம் போராடினேன். புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியால் அதைப் பட்டையாகக் காட்டும் சோதனை அது. ஜெல்லின் உச்சியில் கறுப்பாக ஒரு இழுவல், கீழே ஒன்றுமில்லை. ஆன்டிபாடிதான் மட்டம் என்று முடிவு கட்டி, வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே இழுவல்.

தப்பு என்னிடம்தான். பழக்கதோஷத்தில் மாதிரியை 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சவ்வுக்குள் பலமுறை நுழைந்து வெளிவரும் புரதங்களைச் சூடாக்கினால், நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அந்தத் திரள் ஜெல்லுக்குள் இறங்காது. அடுத்த முறை டிடிடி (DTT, புரதங்களின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் பொருள்) சேர்த்து, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்ததோடு சரி. பட்டைகள் தெளிவாக வந்தன.

ஆனால் இரண்டு வந்தன! ஒன்று 135, மற்றது 155 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே. அப்புறம்தான் புரிந்தது: சிறியது முழுதாக முதிராத வடிவம், பெரியது சர்க்கரைச் சங்கிலி முழுமையடைந்து செல்லின் மேற்பரப்புக்குப் போனது. பிஎன்கேஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டியதும் இரண்டும் ஒரே பட்டையாகிக் கீழே இறங்கின. ஹெர்க் மரபணு செலுத்தாத ஹெக்293 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) எந்தப் பட்டையும் இல்லை. தடுப்புப் பெப்டைடை (ஆன்டிபாடி ஒட்டும் இடத்தை முன்பே நிரப்பிவிடும் சிறு புரதத் துண்டு) விட இந்தச் சோதனையைத்தான் நம்புவேன்; தவறான புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியையும் அந்தப் பெப்டைடு அடக்கிவிடும்.

முதலில் வாங்கிய ஆன்டிபாடியும் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது.