பறவைக் காய்ச்சலில் வாத்துகளைக் கொல்ல நேரும்போது

2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் நேர்ந்ததைப் போல வாத்துக் கூட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானால், நோய் கண்ட இடத்திலிருந்து 1 கி.மீ. தொலைவுக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளைக் கொன்றாக வேண்டிய நிலை வரும். பாதுகாப்பு உடையணிந்த பணியாளர்கள் வாத்துகளை விரட்டித் துரத்தாமல், வலைத்தடுப்பால் சிறு கூட்டங்களாகப் பிரித்து நிழலில் நிறுத்த வேண்டும். ஒற்றைக் காலிலோ சிறகிலோ பிடித்துத் தூக்காமல், இரு கைகளாலும் சிறகுகளை உடலோடு சேர்த்து அணைத்து எடுக்க வேண்டும்.

கழுத்தெலும்பை விலக்கிக் கொல்லும் முறை சிறிய பறவைகளுக்கே பொருந்தும். கை சோர்ந்தால் பிழையும் கூடும் என்பதால், பயிற்சி பெற்றவர்களை முறைமாற்றி அமர்த்துவது அவசியம். கூட்டம் பெரிதென்றால் கரியமில வாயு நிரப்பிய கலனில் இட்டுக் கொல்வது மேலானது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தால், வாயு வேலை செய்யுமுன்னே அடியிலுள்ளவை மூச்சுத் திணறும்.

அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுவது சாவை உறுதிசெய்யும் வேலைதான். மூச்சு நின்றிருப்பதையும், விழிப்படலத்தைத் தொட்டால் இமை அசையாததையும் பார்த்த பின்னரே பறவையைச் சாக்கிலிடலாம்.