லிங்க் இருக்கு, கிளிக் பண்ணா போக மாட்டேங்குது: ஏ டேக்குக்குள்ள என்ன எழுதணும்

எங்க அக்கா வீட்லயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைச்சு விக்கிறாங்க. அவங்களுக்காக வெறும் ஹெச்டிஎம்எல்ல ஒரே ஒரு பக்கம் பண்ணேன். மொத்தம் மூணு லிங்க்தான், அதுக்கே ரெண்டு ராத்திரி போயிடுச்சு. ஃபைல் சேவ் பண்றது, பிரவுசர்ல திறக்குறதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

1. ஹெச்ரெஃப்

லிங்க் போடறதுக்கான டேக்தான் ஏ டேக். எங்க போகணும்ங்கிற முகவரி அதுக்குள்ள இருக்கற ஹெச்ரெஃப்லதான் வரும். அமைப்பு இப்படி இருக்கும், டேக் பேரெல்லாம் நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிங்க:

<ஏ ஹெச்ரெஃப்="முகவரி">பொடி வகைகள்</ஏ>

வெளி சைட்டுன்னா ஹெச்டிடிபிஎஸ்ல ஆரம்பிச்சு முழுசா எழுதணும். அத விட்டுட்டு மூணு டபிள்யூல ஆரம்பிச்சா பிரவுசர் அத உங்க சைட்லயே இருக்கற ஃபைல்னு எடுத்துக்கிட்டு தேடும், கிடைக்காம 404 வரும்.

நான் அதையெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தேன், அப்பவும் 404. ரொம்ப நேரம் கழிச்சுதான் அட்ரஸ் பார பார்த்தேன், என் சைட் பேருக்குப் பின்னாடி %இ2%80%9சி-ன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு, அதுக்கப்புறம்தான் நான் குடுத்த முகவரி இருந்துச்சு. வேர்ட்ல டைப் பண்ணி காப்பி பண்ணதால மேற்கோள் குறி வளைஞ்ச குறியா மாறிடுச்சு. பிரவுசருக்கு நேரான குறி மட்டும்தான் மேற்கோள், வளைஞ்சது முகவரியோட இன்னொரு எழுத்து, அவ்ளோதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தயவுசெஞ்சு கோட வேர்ட்ல எழுதாதீங்க, விஎஸ் கோட் இலவசம்தான், அது முடியலன்னா நோட்பேட் போதும்.

2. டார்கெட்

புது டேப்ல திறக்கணும்னா டார்கெட்ல _பிளாங்க். முன்னாடி இருக்கற அந்தக் கீழ்க்கோடு முக்கியம். அது இல்லாம வெறும் பிளாங்க்னு எழுதினா முதல் தடவை புது டேப் வரும், சரியாயிடுச்சுன்னு நினைப்போம், அடுத்த லிங்க்க தட்டினா அதுவும் அதே டேப்ல போய் உக்காரும், ஏன்னா பிளாங்க்ங்கிறத அந்த டேப்போட பேரா எடுத்துக்கும்.

கூடவே அதே டேக்ல ரெல்னு ஒண்ணு எழுதி, அதுல நோஓப்பனர் போடுங்க. திறக்குற பக்கம் பின்னாடி இருக்கற உங்க பக்கத்த வேற எங்கயோ திருப்பி விடாம இது தடுக்கும். குரோம் 2021ல வந்த 88ஆம் வெர்ஷன்ல இருந்து தானாவே பாத்துக்குது, ஆனா பழைய போன் வச்சிருக்கறவங்களும் நம்ம பக்கத்துக்கு வருவாங்கல்ல. அப்புறம் உங்க சைட்டுக்குள்ளயே போற லிங்க்குக்கு புது டேப் வேண்டாம், பேக் பட்டன் வேலை செய்யாம ஜனங்க தவிக்கிறாங்க.

3. போன் நம்பர்

ஹெச்ரெஃப்ல டெல், முக்காற்புள்ளி, +91, நம்பர். நடுவுல இடைவெளி விடாதீங்க. அக்காவுக்கு ஆர்டர் எல்லாம் போன்லதான் வருது, அதனால எனக்கு முக்கியமான லிங்க் இதுதான். கம்ப்யூட்டர்ல மட்டும் பார்த்துட்டு விட்டுடாம போன்ல தட்டிப் பாருங்க.

டைட்டில்னு ஒண்ணு இருக்கு, மவுஸ் வச்சா சின்னதா எழுத்து வரும். போன்ல வராது, அதனால நான் போடறதே இல்ல, சொல்ல வேண்டியத லிங்க்லயே எழுதிடுங்க.

பின்னாடி சேர்த்தது: விலைப் பட்டியல் பிடிஎஃப் தட்டின உடனே இறங்கணும்னு ஏ டேக்ல டவுன்லோட்னு போட்டும் இறங்கல, திறக்கத்தான் செய்யுதுன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ரெண்டு பேரும் ஃபைல வேற சைட்ல வச்சிருந்தாங்க. அது உங்க சைட்லயே இருந்தாத்தான் டவுன்லோட் எடுபடும், ஹெச்டிஎம்எல் இருக்கற ஃபோல்டருக்கே மாத்திட்டு மறுபடி பாருங்க.