ஏற்காடு மலையில் இருவர் சைக்கிள்: இறங்கும்போது கவனிக்க

மாற்றுத்திறனாளிகளுக்கு நிதி திரட்டும் குழுப் பயணத்தில், பார்வையற்ற நண்பரைப் பின்னிருக்கையில் அமர்த்தி இருவர் மிதிக்கும் சைக்கிளில் சேலத்திலிருந்து ஏற்காடு செல்கிறீர்களா? பள்ளம், கியர் மாற்றம், பிரேக் எல்லாவற்றையும் ஒரு நொடி முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். "வலது வளைவு, மிதிக்காதீங்க" என்றால் போதும். என்ன சொற்கள் என்பதை அடிவாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள், வண்டியில் இரண்டு பேர் எடை. சக்கர விளிம்பை (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை, அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்துங்கள். ரிம்மைத் தொட வேண்டாம். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே அனல் தெரியும். அது ஆறும்வரை, கீழே விரியும் சேலத்தை நண்பருக்கு விவரித்துச் சொல்லுங்கள். அவர் உங்களோடு சேர்ந்து மிதித்து வந்தவர், சுமையாக வந்தவர் அல்லர்.

எதிரே ஏறிவரும் பஸ்ஸுக்கு எப்போதும் வழிவிடுங்கள்.