பிரிண்டர் கம்ப்யூட்டருக்கு மாறாத ஐபி எண்

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் காலையிலேயே மனு அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். போன மாதம் ஒரு திங்களன்று கரண்ட் போய்த் திரும்பி வந்த பிறகு பிரிண்ட் வரவே இல்லை. அணைக்கட்டிலிருந்து வந்த பாட்டி ஒருவர் முதியோர் பென்ஷன் மனுவுக்காக மஞ்சள் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் எவ்ளோ நேரம்மா ஆவும்?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். கடைசியில் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மனசே ஆறவில்லை.

காரணம் சின்னதுதான். எங்கள் பிரிண்டர் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறது. மற்ற இரண்டு கம்ப்யூட்டரும் 192.168.1.5 என்ற ஐபி எண்ணில் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி) அதைத் தேடிப் போகும். கரண்ட் வந்ததும் ரூட்டர் (நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எண்களை மறுபடி பங்கிட்டபோது யாருடைய செல்போனோ முந்திக்கொண்டு அந்த 5-ஐ வாங்கிவிட்டது. பழைய கம்ப்யூட்டருக்கு 7 போய்விட்டது. வீட்டுக்குப் புது எண் போட்ட பிறகும் தபால்காரர் பழைய எண்ணிலேயே கதவைத் தட்டுவது மாதிரி.

பிரிண்டர் கம்ப்யூட்டருக்கு மாறாத எண் ஒன்றைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மாற்றும் முன் அந்தக் கம்ப்யூட்டரின் இப்போதைய விவரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டில் 'கமாண்ட் பிராம்ப்ட்' தேடித் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஆல் என்று சேர்த்து (ipconfig /all) என்டர் தட்டினால் ஐபிவி4 எண் (நாம் பார்க்கும் ஐபி எண்), சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் ஒரே நெட்வொர்க் என்று சொல்வது), கேட்வே (ரூட்டரின் எண்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) எல்லாம் வரும். எண் 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளைப் பாருங்கள்.

அடுத்தது ரூட்டர். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் விட்டேன். கேட்வே எண்ணை பிரவுசரில் அடித்தால் ரூட்டரின் பக்கம் திறக்கும். அதில் டிஎச்சிபி என்ற இடத்தில் ரூட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை தானாகப் பங்கிடுகிறது என்று இருக்கும். எங்களுடையதில் கடைசி எண் 2 முதல் 254 வரை இருந்தது. அப்படியே விட்டால் நீங்கள் எந்த எண்ணைப் பிடித்து வைத்தாலும் நாளைக்கு வேறு போனுக்கும் அதே எண் போகலாம். நான் 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டேன். அதற்கு வெளியே இருக்கும் 20 என் கைக்கு வந்தது.

அப்புறம் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் 'ஐபி அசைன்மென்ட்' பக்கத்தில் எடிட் அழுத்தி, மேனுவல் தேர்ந்து ஐபிவி4-ஐ ஆன் செய்யுங்கள். எங்கள் கடைக்கு நான் போட்டது: ஐபி 192.168.1.20, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 8.8.8.8. சில விண்டோஸ் 10-இல் மாஸ்க்குக்குப் பதில் பிரீஃபிக்ஸ் லெங்த் கேட்கும். அங்கே 24 போடுங்கள். முதல் மூன்று பகுதியும் உங்கள் தாளில் இருப்பது போலவே இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும்தான் உங்கள் விருப்பம். கேட்வேயைத் தப்பாகப் போட்டால் பிரிண்ட் வரும், நெட் வராது.

சேவ் செய்த பிறகு மற்ற கம்ப்யூட்டர்களில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு 192.168.1.20 என்ற எண்ணில் மறுபடி சேருங்கள். இதை மறந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

வீட்டுக்கும் கடைக்கும் தூக்கிக்கொண்டு அலையும் லேப்டாப்புக்கு மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். காட்பாடியில் எங்கள் வீட்டு ரூட்டர் 192.168.0 வரிசையில் எண் கொடுக்கிறது; கடை எண்ணோடு அங்கே போனால் நெட் கிடைக்காது. தெரியாமல் செய்திருந்தால் அதே எடிட்டில் 'ஆட்டோமேட்டிக் (டிஎச்சிபி)' தேர்ந்தால் சரியாகிவிடும்.