தேவதூதரைக் கதைக்குள் அழைக்கும்போது செய்யும் தவறுகள்

தேவதூதர் வந்தார், இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார், நாயகன் திருந்தினான். இந்த வகைக் கதைகளில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடுகின்றன. எழுதியவரின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. தூதர் என்ற சொல்லைத்தான் அவர் கவனிக்கவில்லை. கிரேக்கத்தின் 'ஆங்கெலோஸ்', எபிரேயத்தின் 'மலாக்' இரண்டுக்குமே செய்தி கொண்டுவருபவர் என்றுதான் பொருள். செய்தி சொல்ல வந்தவரே வீட்டுக் கடனையும் அடைத்துவிட்டுப் போனால், நாயகனுக்குக் கதையில் என்ன வேலை மிச்சம்?

முதல் சறுக்கல் பெயரிலேயே நடக்கிறது. 'தேவதை' என்று எழுதினால் தமிழ் வாசகர் மனதில் வருவது பெண் தெய்வம், இல்லையென்றால் குழந்தைக் கதைகளில் வரம் தரும் வெள்ளுடைக்காரி. விவிலியத் தமிழில் தேவதூதன், வானதூதர். பழைய கத்தோலிக்கப் பேச்சில் சம்மனசு. முஸ்லிம் வீடுகளில் மலக்கு, வானவர். கம்பனிடம் போனால் வானவர் என்பது தேவர்களைக் குறிக்கும். பாத்திரம் வளர்ந்த வீட்டுக்கு ஏற்ற சொல்லை எடுங்கள். ஒரு பாட்டி 'காவல் சம்மனசு' என்று சொல்லிவிட்டால், அவளுடைய ஜெபமாலையைத் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை.

சொல்லைப் போலவே மரபையும் கலந்துகட்டி எழுதுகிறார்கள். ஆபிரகாம் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்த தூதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். விவிலியத்தின் ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் அவர்கள் வெண்ணெயும் பாலும் கன்றின் இறைச்சியும் சாப்பிடுகிறார்கள். அதே நிகழ்ச்சி குர்ஆனின் 11-ஆம் அத்தியாயத்தில் வரும்போது அவர்களின் கை உணவின் பக்கமே போவதில்லை. அதைக் கண்டுதான் இப்ராஹீமுக்கு, அதாவது ஆபிரகாமுக்கு, அச்சம் வருகிறது. சாப்பிடுவாரா மாட்டாரா என்ற ஒரு விஷயத்தில் காட்சியின் உயிரே மாறிவிடுகிறது பாருங்கள். உங்கள் தூதர் எந்த மரபைச் சேர்ந்தவர், அல்லது முழுக்க உங்கள் கற்பனையா என்பதை முதல் பக்கத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். இறந்தவர்கள் தேவதூதர் ஆவதாக எழுதுகிறவர்களுக்கும் இதே பேச்சு. கிறிஸ்தவத்திலும் இஸ்லாமிலும் தூதர்கள் தனிப் படைப்பு. மனிதர் செத்து அந்தப் பதவிக்குப் போவதில்லை. கற்பனையில் அதை மீறலாம், மீறுகிறோம் என்று தெரிந்து மீறினால்.

சிறகு, ஒளி, வெண்மேகம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விவிலியத்தில் ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சேராபீன்கள் என்ற வானவர்களுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். ஆபிரகாமின் வாசலில் நின்றவர்களுக்குச் சிறகு இருந்ததாக ஒரு வரிகூட இல்லை. பயமுறுத்தும் அளவு அந்நியமாக இருக்கட்டும், இல்லை அடையாளமே தெரியாத சாதாரண ஆளாக இருக்கட்டும். நடுவில் நிற்கும் அழகான வெள்ளை உருவத்தை வாசகர் நிறையப் பார்த்துவிட்டார்.

பெரிய தவறு, தூதரே பிரச்சினையைத் தீர்ப்பது. 1946-இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் நாயகன் ஜார்ஜ் சாகத் துணிவது 8,000 டாலர் தொலைந்துபோனதால். அவனைக் காப்பாற்ற வரும் தூதர் கிளாரன்ஸ் அந்தப் பணத்தைக் கண்டுபிடித்துத் தரவில்லை. எடுத்தவனும் கடைசிவரை தண்டிக்கப்படவில்லை. கிளாரன்ஸ் முதலில் செய்வது ஆற்றில் குதிப்பது. சாக வந்தவன் தன் சாவை மறந்து இவரைக் காப்பாற்றக் குதிக்கிறான். பிறகு, ஜார்ஜ் பிறக்கவே இல்லாத ஊரை அவனுக்குக் காட்டுகிறார். பணம் வருவது இத்தனை வருடமும் அவன் கைகொடுத்த மனிதர்களிடமிருந்து. உங்கள் கதையிலிருந்து தூதரின் சக்தியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கதை நொறுங்கினால் அது அவருடைய கதை, நாயகனுடையது அல்ல.

தூதரையே நாயகனாக்க நினைத்தால் அவருக்கும் ஒரு குறை வேண்டும். டால்ஸ்டாயின் ஒரு கதையில் கட்டளையை மீறிய தூதர் பூமியில் விழுந்து, ஆறு வருடம் செருப்புத் தைக்கிறார். மனிதரைப் பற்றி அவருக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

இரண்டாவது வாய்ப்பு எளிதாகக் கிடைத்துவிடுவது அடுத்த கோளாறு. கோமாவிலிருந்து எழுந்தான், அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான், அப்பா கட்டிக்கொண்டு அழுதார். எழுந்தது அற்புதம், சரி. அப்பா ஏன் உடனே மன்னிக்கிறார்? அவருக்கு அற்புதம் எதுவும் நடக்கவில்லையே. பத்து வருடம் மகனுக்காகக் காத்திருந்தவர் கதவைத் திறக்காமலே இருக்கலாம், அல்லது திறந்து 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பலாம். அங்கேதான் கதை தொடங்குகிறது. திரும்பி வந்தவனுக்கு எது ஞாபகம் இருக்கும், எது இருக்காது, எவ்வளவு நாள் கெடு, என்ன செய்தால் வாய்ப்பு பறிபோகும் என்ற விதிகளை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் வாசகர் பிடித்துவிடுவார். வாய்ப்பே கிடைக்காத ஒருவரும் கண்ணில் பட வேண்டும். டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் கஞ்சன் ஸ்க்ரூஜுக்குக் கிடைத்த வாய்ப்பு, அவனுடைய இறந்த கூட்டாளி மார்லிக்குக் கிடைக்கவில்லை. அவன் சங்கிலியை இழுத்துக்கொண்டே அலைகிறான். அந்தச் சங்கிலிச் சத்தம் இல்லாமல் ஸ்க்ரூஜின் பயத்தை நாம் நம்பியிருக்க மாட்டோம்.

வாழ்வின் நோக்கத்துக்கு வருவோம். 'அன்பு செலுத்தவே நீ பிறந்தாய்' என்று தூதர் சொல்லும் இடத்தில் நான் பக்கத்தைத் தாண்டிவிடுவேன். நோக்கம் என்பது கையால் செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். மணிமேகலையில் நமக்கே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மணிமேகலா தெய்வம் நாயகி மணிமேகலையைத் தூக்கத்தில் மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அவள் அறிகிறாள். தெய்வம் மூன்று மந்திரங்களைத் தந்துவிட்டு அகன்றுவிடுகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோ, பீடிகையைக் காக்கும் தீவதிலகை வழிகாட்ட அவள் கைக்கு வருகிறது. ஆனால் ஊருக்குத் திரும்பி, ஆதிரை இட்ட பிச்சையை அதில் முதலில் ஏற்று, காயசண்டிகையின் அடங்காப் பசியைத் தீர்ப்பவள் மணிமேகலைதான். நோக்கம் பசித்த ஒரு வயிற்றில் போய் நிற்கிறது. பாத்திரம் மந்திரப் பாத்திரம்தான், அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் கால்கள் அவளுடையவை.

துக்கத்தில் இருப்பவரிடம் தூதரை விட்டு 'எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான்' என்று சொல்ல வைப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு வாசகர் அந்த வரியைப் படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். தூதருக்கும் பதில் தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

கடைசியில் எல்லாமே கனவு என்று முடிப்பது பழைய ஏமாற்று, விட்டுவிடுங்கள். அதைவிட அதிகம் கண்ணில் படுவது, இறுதி அத்தியாயத்தில் தூதர் திரும்பி வந்து நாயகனைப் பாராட்டிவிட்டுப் போவது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், இயேசுவைப் பெற்றெடுக்க மரியாள் சம்மதம் சொன்னதும், தூதன் அவளை விட்டுப் போய்விட்டான் என்று ஒரே வரி. அவளுக்கு முன்னால் ஒன்பது மாதமும், யோசேப்பிடம் சொல்ல வேண்டிய பேச்சும் அப்படியே இருந்தன.